பஸ் இல்லாவிட்டால் எப்படி வருவீர்கள்

"நடந்து வருவேன்னு எழுதிக்கோ" என்று லூர்து மேரி சொன்னதும் முத்துச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று காலையில்கூட இருவரும் கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள்தான். படப்பையிலிருந்து உள்ளே போனால் ஏரியை ஒட்டி இருக்கிற ஊர் மேரியுடையது. பஸ் அங்கேதான் புறப்படும். ஜன்னலோரத்தில் டிபன் பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு வருவாள் மேரி. படப்பை மார்க்கெட்டில் ஏறும் செல்வி அந்தப் பையை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரகடம் வரும்வரை ஒன்று பேச்சு, இல்லையென்றால் தோளில் சாய்ந்து தூக்கம். அந்த ஊரிலிருந்து ஒருத்தி நடந்து வருவதென்றால் கோழி கூவப் புறப்பட்டாலும் லைன் ஓட ஆரம்பித்த பிறகுதான் வந்து சேருவாள்.

"யக்கா, வெளாடாதிய. கம்பெனி பஸ் இல்லன்னா எப்பிடி வருவியன்னுதான் கேள்வி. ஷேர் ஆட்டோவா, பைக்கா, வீடு எம்புட்டு தூரம். அவ்ளோதான்."

மேரி கையிலிருந்த கார்க்கதவு ரப்பரை அச்சில் பொருத்தினாள். நிமிராமலே சொன்னாள். "வூடு பக்கத்துலதான் கீது. நடந்துதான் வருவேன். நீ எழுது செல்வி."

குரலில் விளையாட்டு இல்லை. செல்வி கையிலிருந்த டேப்லெட்டில் 'நடை' என்பதைத் தொட்டாள். பக்கத்தில் நின்றவளும் நடை என்றாள். அதற்கடுத்தவளும். அந்த வரிசையில் பாதிப் பேர் மேரியோடு பஸ்ஸில் வருகிறவர்கள்.

அந்தக் கம்பெனி கார்க்கதவுகளைச் சுற்றி ஒட்டுகிற ரப்பரைச் செய்கிறது. ஷாம்பூ போட்டுக் குளித்தாலும் தலைமுடியில் கருகின டயர் வாசனை போகாது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சுற்றுச்சூழல் படித்துவிட்டு வந்த முத்துச்செல்விக்குப் பாதுகாப்புப் பிரிவில் வேலை. ஹெல்மெட் போட்டிருக்கிறார்களா, தீயணைக்கிற சிலிண்டருக்குத் தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தாள். அப்போதுதான் ரப்பர் வாங்குகிற வெளிநாட்டுக் கார் கம்பெனி, நீங்கள் வருஷத்துக்கு எத்தனை டன் கார்பன் விடுகிறீர்கள், அதில் எவ்வளவு குறைக்கப் போகிறீர்கள் என்று கேட்டு எழுதியது. குறைக்காதவர்களிடம் வாங்க மாட்டோம் என்றும் பதவிசாகச் சொல்லியிருந்தது. பிரிவு மேலாளர் ஸ்ரீதர் அதை அப்படியே செல்வியின் தலையில் இறக்கி வைத்தார்.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஜெனரேட்டர் குடித்த டீசல், கேண்டீன் காஸ், ஏ.சி.யிலிருந்து கசியும் வாயு, மின்வாரியத்திலிருந்து வந்த கரண்ட் எல்லாவற்றையும் கூட்டி இந்தக் கட்டடம் எவ்வளவு மூச்சு விடுகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, லைன் எல்லாம் நின்றிருந்தபோது, கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டுத் தனியாக ஷெட்டுக்குள் நடந்தாள். காற்றுக் குழாய்கள் கசிந்தால் 'உஸ்'ஸென்று கேட்கும். மற்ற நாள் இரைச்சலில் அது காதில் விழாது. கேட்ட இடத்திலெல்லாம் சிவப்பு நாடா கட்டினாள். சாயங்காலம் பார்த்தால் ஷெட்டே திருவிழாவுக்குத் தோரணம் கட்டினது போல இருந்தது. மறுவாரம் அத்தனையையும் அடைத்தார்கள். கரண்ட் குறைந்தது.

"நல்ல வேலம்மா. ஆனா இது பத்தாது" என்றார் ஸ்ரீதர். கெட்ட மனிதர் இல்லை. ஆர்டர் போனால் முதலில் வீட்டுக்குப் போவது கான்ட்ராக்ட் ஆட்கள்தான் என்பது அவருக்கும் தெரியும். கணக்கை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தார். கம்பெனியின் சொந்த பஸ்கள். "இந்த டீசல் நம்ம கணக்குல நேரா விழுது பார். இதத் தொட்டா நம்பர் எறங்கும். ஆளுங்க எங்கேருந்து வராங்கன்னு ஒரு சர்வே எடு. பஸ் இல்லன்னா எப்டி வருவாங்கன்னு கேளு."

அப்படித்தான் செல்வி டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு லைனுக்குள் போனாள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொள்கிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் பஸ்ஸில்தான் மேரி விஷயத்தைச் சொன்னாள். முன்னே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இதே மாதிரி வீடு எங்கே, எவ்வளவு தூரம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்களாம். அடுத்த கான்ட்ராக்ட் போடும்போது தூரத்து ஆட்கள் ஒருத்தர் பெயரும் இல்லை. லேட்டாக வருவார்கள், லீவு போடுவார்கள் என்று கழித்துவிட்டார்கள். அதில் மேரியும் ஒருத்தி. சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகுமா? காலையில் செல்வி டேப்லெட்டோடு வருகிறாள் என்று தெரிந்ததுமே டாய்லெட்டில் வைத்து எல்லாரும் பேசி முடிவு பண்ணிவிட்டார்கள். யார் கேட்டாலும் வீடு பக்கத்தில். யார் கேட்டாலும் நடை.

"இது அதுக்கு இல்லக்கா. இது கார்பனுக்கு."

"எதுக்குனா இருக்கட்டும். நீ நல்ல பொண்ணு, நீ எழுதினது யார் கைக்குப் போவும்னு உனுக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு மேரி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வேலை அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று செல்விக்குத் தெரியும். மேரியின் வீட்டுக்காரர் ஃபிரடி பெயின்ட் அடிக்கிறவர். படப்பையில் ஒரு புதுக் கட்டடத்தின் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்க் கட்டிலோடு கிடக்கிறார். ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகில் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டிலுக்கு மேலே ஜன்னல் கம்பியில் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. ஃபிரடி அதைப் பிடித்து இழுத்துக்கொள்ள, மேரி இடுப்பில் கை கொடுத்துப் புரட்ட வேண்டும். வேலைக்குக் கிளம்பும்போது புரட்டிவிட்டுப் போவாள். மத்தியானம் பக்கத்து வீட்டு ஃபாத்திமா ஒரு தடவை வந்து பார்ப்பார். மறுபடி புரட்டுவது மேரி வந்துதான்.

இதற்கு பஸ் ஓட்டுகிற ஏசுவடியான் தன் பங்குக்கு ஒன்று செய்வார். நாசரேத்துக்காரர், மீசை வைத்தவர், செல்வியை 'ஏ பிள்ள' என்றுதான் கூப்பிடுவார். ஊருக்குள் நுழைகிற திருப்பத்தில் ஒரு மாதா கெபி, குகை மாதிரி கட்டின சின்னக் கோயில், இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் மேரியின் வீட்டு ஓடு தெரியும். பஸ் திரும்பும்போது நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்று ஹாரன் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் ஃபிரடி கயிற்றைப் பிடித்துக்கொள்வாராம். மேரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்போது ஆள் தயாராக இருப்பார். "மாதாவுக்கு மணி அடிக்கிற மாதிரி எனுக்கு மணி அடிக்கிறாரு அண்ணாச்சி" என்று மேரி சொல்லிச் சிரிப்பாள்.

சர்வேயைக் கூட்டி முடித்தபோது திரையில் வந்த படத்தை நம்பாமல் செல்வி இன்னொரு தடவை கூட்டினாள். முக்கால்வாசிப் பேர் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்தார்கள். ஸ்ரீதர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அப்ப பஸ்ஸே தேவையில்லையேம்மா."

"சார், பஸ் நெறஞ்சு வருது சார். நானே அதுலதான வாறேன்."

"ஓசி பஸ்னா பக்கத்துத் தெருக்காரனும் ஏறத்தான் செய்வான். நாம கண்ணால பாத்தத வச்சு ரிப்போர்ட் எழுத முடியாது. டேட்டா இன்னா சொல்லுதோ அதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று தெரிந்தது. ஆனால் அந்தப் பூசணிக்காயை அறுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தது தன் கைதான் என்பதும் தெரிந்தது. ஆட்கள் ஆட்டோவிலும் பைக்கிலும் வந்தால் அந்தப் புகை யார் கணக்கில் போகும் என்று கேட்டாள். அது கணக்கில் வேறு பத்தி, அந்தப் பத்தியை இந்த வருஷம் அவர்கள் கேட்கவில்லை என்றார். அதற்குமேல் தாங்காமல், சார், பதில்கள் சரியில்லை, பயந்துபோய் மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஸ்ரீதர் நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "யார் யார் பொய் சொன்னாங்கன்னு பேர் குடு. எச்.ஆர்.கிட்ட சொல்லித் திருத்திடலாம்."

பேர் கொடுத்தால் எச்.ஆர். எதைத் திருத்தும் என்று செல்விக்குப் புரியாமல் இல்லை. மறுநாள் காலை பஸ்ஸில் மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எல்லாருமாகச் சேர்ந்து போய் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன? பஸ் போய்விடும் என்று தெரிந்துமா வாயைத் திறக்க மாட்டீர்கள்?

மேரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெளியே புது மனைகளுக்கு நட்ட கற்கள் வரிசையாகப் போயின. "பஸ்ஸு போனா கால் கீது. வேல போனா இன்னா கீது? பேர் குடுத்துடாத செல்வி."

அவள் கொடுக்கவில்லை. பஸ் நின்றது.

கடைசி நாள் ஏசுவடியான் பஸ்ஸைக் கழுவி, கண்ணாடிக்கு மேலே தொங்கின பிளாஸ்டிக் ஜெபமாலையைக் கழற்றி மேரியிடம் கொடுத்தார். அவர் சி.எஸ்.ஐ., ஜெபமாலை சொல்கிற வழக்கம் இல்லாதவர். அது பயணிகளில் யாரோ மாட்டியது. பஸ்களை விற்றார்கள். அவர் படப்பையில் புது வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற லாரிக்கு டிரைவராகப் போனார். அந்த வருஷ அறிக்கையில் எண் இறங்கியது. கார் கம்பெனிக்காரர்கள் பாராட்டி எழுதினார்கள். வாசலில் பச்சை நிறத்தில் பெரிய போர்டு வைத்து, அதன் அடியில் எல்லாருமாக வேப்பங்கன்று நட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். செல்வியை நிரந்தரம் ஆக்கினார்கள். தவணையில் ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கொண்டாள். ஊரிலிருந்து அம்மா போன் பண்ணி, "எங்கண்ணே பட்டுரும் போல இருக்குட்டி" என்றாள். செல்விக்கு அழுகைதான் வந்தது.

படப்பையிலிருந்து ஒரகடம் முக்குக்கு ஷேர் ஆட்டோ உண்டு. அதற்கு இப்புறமும் அப்புறமும் கால்தான். சிப்காட்டுக்குள் போகிற ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஓரத்தில் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். பெண்கள் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு லாரிகளுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நடப்பார்கள். தனியாக யாரும் போவதில்லை என்று தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். செல்வி ஸ்கூட்டியை நிறுத்தி ஏறச் சொன்னால் மேரி தலையை ஆட்டுவாள். "நாலு பேரு சேந்து போறோம். மூணு பேர உட்டுட்டு நான் மட்டும் குந்திகினு வந்தா நல்லாவா இருக்கும்? நீ போ." வேலைக்குப் போக வேண்டுமே என்று விடியும் முன்பே ஃபிரடியைப் புரட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. திரும்பி வருவதற்குள் இருட்டிவிட்டது. கோடை முடிவதற்குள் முதுகில் புண் வந்துவிட்டது. மேரி அதைச் சொல்லவில்லை. அவள் கையிலிருந்த மருந்து வாசனையை வைத்து செல்விதான் கண்டுபிடித்தாள்.

ஒருநாள் படப்பையில் ஏசுவடியானைப் பார்த்தாள். லாரியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். "தெனமும் சாயங்காலம் மேரி ஊருக்குத்தாம் தண்ணி அடிக்கேன் பிள்ள. கெபி கிட்ட போனா கை தானா ஹாரனுக்குப் போயிருது. அதே மாதிரி ஒண்ணு நீட்டி, ரெண்டு குறுக்கி. பழக்கதோசம்" என்று வெட்கப்பட்டுச் சிரித்தார். செல்விக்கு அது ஆறுதலாக இருந்தது. ஏதோ ஒன்றாவது மாறாமல் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் மறுபடி சர்வே வந்தது. இந்தத் தடவை அந்த வேறு பத்தியையும் கேட்டிருந்தார்கள். வேலைக்கு எப்படி வருகிறீர்கள்? செல்வி டேப்லெட்டை வைத்துக்கொண்டு மேரியின் முன்னால் போய் நின்றாள். மேரியின் ஷூவுக்கு மேலே பேன்ட்டில் முழங்கால்வரை செம்மண் ஏறியிருந்தது.

"பஸ்ஸுலன்னு எழுதிக்கோ" என்றாள் மேரி.

"எந்த பஸ்ஸுக்கா?"

"கம்பெனி பஸ்ஸுதான்." ரப்பரை அச்சில் வைத்து அழுத்தினாள். "பஸ்ஸு நின்னது அவருக்குத் தெரியாது செல்வி. தெரிஞ்சா வேலைய உடுன்னுவாரு. உட்டா யாரு சோறு போடுவா? ரோடு போடறான், பஸ்ஸு சுத்திகினு வருதுன்னு வூட்ல சொல்லிகினு கீறேன். இங்கயும் அதையே எழுது. எடத்துக்கு ஒரு பொய்யி சொல்ல எனுக்கு சமத்து பத்தாது."

செல்வி டேப்லெட்டைப் பார்த்தாள். பைக், ஆட்டோ, அரசு பஸ், நடை எல்லாம் இருந்தது. கம்பெனி பஸ் என்கிற வரியை அவளே போன வருஷம் எடுத்துவிட்டிருந்தாள். எதையும் தொடாமல் அப்படியே நின்றாள். பிறகு, படுக்கைப் புண்ணுக்கென்று காற்றடைக்கிற மெத்தை ஒன்று வாங்கியிருப்பதாகவும், அது ஸ்கூட்டியில் இருப்பதாகவும் மெதுவாகச் சொன்னாள். மேரி முதன்முறையாக நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அத தூக்கிகினு என்னால நடக்க முடியாது. ஷிப்ட் முடிஞ்சா நீ முன்னால போயி வச்சிடு. கதவு சும்மாதான் சாத்தி கீது." பிறகு கையைப் பிடித்துக்கொண்டாள். "பஸ்ஸ பத்தி வாயத் தொறக்காத. என் மேல ஆணை."

செல்வி போனபோது சூரியன் ஏரிக்குமேல் சாய்ந்திருந்தது. தண்ணீர் குறைந்து ஓரமெல்லாம் வெடித்துக் கிடந்தது. கதவைத் தள்ளினதும் டெட்டால் வாசனையும் அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் வந்தன. ஃபிரடி சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். பெயின்ட் அடித்த காலத்துத் தோள் மட்டும் இன்னும் அகலமாக இருந்தது. கால்கள் போர்வைக்குள் இருப்பதே தெரியவில்லை. சட்டையின் முதுகில் ஈரம் ஊறியிருந்தது.

"யாரு, செல்வியா? மேரி வர்ல?"

"பின்னால வாறாங்கண்ணே." மெத்தையைப் பிரித்துச் சுவரோரம் வைத்தாள். கைக்கு ஒரு வேலை இருந்தது நல்லதாகப் போயிற்று.

"பஸ்ஸுலதான?"

அவள் ம் என்றாள்.

ஃபிரடி தலையை மட்டும் கஷ்டப்பட்டுத் திருப்பினார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதம்மா. நீயும் அவளும் ஒரே கம்பெனி. ரோடு போடறான், பஸ்ஸு லேட்டுன்றா. ஆனா கெபியாண்ட ஹாரன் எப்பவும் போலதான் கேக்குது. நானும் கயித்தப் புடிச்சிகினு கெடக்கறேன். கை மரத்துப் போயி உட்டுட்டு, அப்பறம் ரொம்ப நேரம் கழிச்சுதான் வரா. வேர்த்து ஊத்திகினு, காலெல்லாம் மண்ணு. கேட்டா மூஞ்சத் திருப்பிக்கறா." குரல் இறங்கிவிட்டது. "பஸ்ஸ உட்டு எறங்கி எங்கம்மா போறா?"

செல்விக்கு வாய்வரை வந்துவிட்டது. பஸ்ஸே இல்லை அண்ணே, அது தண்ணி லாரி. இரண்டே வார்த்தை. அதைச் சொன்னால் மேரியின் வேலை போகும். இந்தக் கட்டிலில் கிடக்கிற மனிதர், அவள் லாரிகளுக்கு நடுவில் நடக்க வேண்டாம் என்று சொல்லியே தீருவார். சொல்லாவிட்டால் மேரியின் மானம் போகும். அவள் நடந்து வந்த மண் முழுவதும் இந்த வீட்டில் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. இரண்டில் எதற்கும் அந்த டேப்லெட்டில் தொடுவதற்கு ஓர் இடம் இல்லை. மேரி இந்நேரம் ஒரகடம் முக்குக்குக்கூட வந்திருக்க மாட்டாள்.

அப்போது கெபித் திருப்பத்தில் ஹாரன் கேட்டது. நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு.

ஃபிரடியின் கை தானாகத் தலைக்கு மேலே போய்க் கயிற்றைப் பற்றியது. கயிறு விறைத்தது, ஜன்னல் கம்பி ஒருமுறை முனகியது. வெளியே லாரி தண்ணீரைச் சிந்திக்கொண்டே வீட்டைக் கடந்து போனது. பிறகு தெருவில் எந்தச் சத்தமும் இல்லை. நரம்பு புடைத்த கையால் கயிற்றைப் பிடித்தபடி அவர் கிடந்தார். வாசலைப் பார்க்கவில்லை. செல்வியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.